காய் காத்திருக்காது

அங் மோ கியோ, சிங்கப்பூர்,
ஜூன் மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் பேசும்போது, "சனிக்கிழமை முழுக்கத் தோட்டத்திலேயே போய்விடுகிறது, ஆனாலும் வேலை முடிந்த மாதிரியே இல்லை" என்று அலுத்துக்கொண்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கம்மா போனை வாங்கிக்கொண்டாள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய், எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

அடுக்குமாடிக் காரிடாரில் நாலு தொட்டி வைத்திருக்கும் அப்பாவுக்கு இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கும் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும், இங்கே கோடை என்று ஒன்று உண்டா என்று நீ கேட்கலாம். நம் காரிடாரில் உண்டு. அது வடக்குப் பார்த்தது இல்லையா? டிசம்பரில் சூரியன் தெற்குப் பக்கம் போய்விடும், ஒரு பொட்டு வெயில் விழாது. ஏப்ரலில் வடக்கே வரத் தொடங்கும். ஜூனில் காலையும் மாலையும் கைப்பிடிச் சுவரைத் தாண்டிச் சாய்வாக உள்ளே வந்து கதவு வரை அடிக்கும். அப்போதுதான் வெண்டை காய்க்கிறது, மல்லிகை மொட்டு வைக்கிறது. நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி. அதனால் வெயில் கேட்கிற தொட்டியெல்லாம் முன்னே, பாண்டானும் வெற்றிலையும் பின்னே என்று இடம் மாற்றுவதே இங்கே ஒரு கோடை வேலை. விடியற்காலையில் மழையோடு வரும் சுமத்ரா சூறைக்காற்று கிளம்பினால், உயரமான தொட்டிகளை எழுந்துபோய் இறக்கி வைப்பது இன்னொன்று.

ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே வருஷம் முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். இந்த மாதம் தவறினால் அடுத்த மாதம் விதைக்கலாம், செடிக்கும் அவசரமில்லை எனக்கும் அவசரமில்லை. உனக்கு இப்போது பகல் 17 மணி நேரத்தைத் தொடுகிறது. மே கடைசி வரை உறைபனி பயம், அக்டோபரில் மறுபடியும் அதே பயம். நடுவில் கிடைக்கிற மாதங்களுக்குள் முளைத்து, பூத்து, காய்த்து, விதை வைத்து முடித்துவிட வேண்டும் என்று உன் செடிகள் ஓடுகின்றன. நீயோ வாரத்துக்கு ஒருநாள் போய் நிற்கிறாய். அங்கேதான் இடிக்கிறது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: சனிக்கிழமைத் தோட்ட வேலையை விட்டுவிடு. தினமும் வேலைக்குப் போகும் முன்போ வந்த பிறகோ ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் ஒரு சுற்று வா. பறிப்பதும் கிள்ளுவதும் மட்டும் செய். களை காத்திருக்கும், புல் காத்திருக்கும், வேலிக்குப் பெயிண்ட் அடிப்பது அடுத்த வருஷம் வரை காத்திருக்கும். காய் காத்திருக்காது.

வெண்டையிடம் கற்றுக்கொண்டது இது. விரல் நீளத்தில் நுனியை வளைத்தால் பட்டென்று ஒடியும், அன்றைக்குப் பறித்தால் கறி. இரண்டு நாள் விட்டுப் பார், நுனி வளையும், ஒடியாது. உள்ளே நாராகிவிடும், விதை கடினமாகிவிடும். அந்த ஒரு காய் போனால் பரவாயில்லை. ஆனால் விதை முற்றத் தொடங்கியதும் செடி தன் பலத்தையெல்லாம் அதில் போட்டுவிட்டு, புதுப் பூ வைப்பதைக் குறைத்துவிடும். பறிக்கப் பறிக்கத்தான் இன்னும் காய்க்கும்.

உன் தோட்டத்திலும் இதே கதைதான். பீன்ஸை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, உள்ளே பயறு புடைக்கும் முன்பே பறித்துவிடு. இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டையும் தேடிப் பறி. சுக்கினியைக் கையகல நீளத்திலேயே அறுத்துவிடு. போன கோடையில் முழங்கை நீளத்துக்கு ஒன்றை வளர்த்துப் படம் அனுப்பினாயே, அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது சுக்கினி இல்லை, பூசணிக்குத் தம்பி. அப்படி ஏதாவது தப்பிவிட்டால் தோலைச் சீவி, விதையை வழித்துப் போட்டுவிட்டுப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கச் சொல்கிறாள் உங்கம்மா. ஸ்வீட் பீ பூவை ஜாடியில் வைக்க மனசில்லாமல் கொடியிலேயே விட்டால், அது காய் பிடித்து, சீக்கிரமே பூப்பதை நிறுத்திவிடும். தாராளமாக வெட்டி வீட்டில் வை, பக்கத்து வீட்டுக்கும் கொடு. ரோஜாவில் வாடிய பூவை வெட்டி எடுப்பதும் இதற்காகத்தான், அழகுக்காக மட்டும் இல்லை.

அப்புறம் தக்காளி. நீ வைத்திருப்பது குச்சியில் கட்டி உயரமாக வளர்க்கும் ரகமா, புதராகப் பரவும் ரகமா என்று வாங்கியபோது வந்த அட்டையைப் பார். புதர் ரகமென்றால் கை வைக்காதே. உயர ரகமென்றால், தண்டுக்கும் இலைக் காம்புக்கும் நடுவே அக்குளில் சாய்வாகக் கிளம்புமே ஒரு குட்டித் தளிர், அதைக் கிள்ள வேண்டும். சுண்டுவிரல் நீளம் இருக்கும்போதே பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் சுத்தமாக வந்துவிடும், கத்தரிக்கோல் தேவையில்லை. விரலெல்லாம் மஞ்சள் பச்சையாகக் கறை ஒட்டும், அந்த வாசம் சோப்பு போட்டாலும் கொஞ்ச நேரம் இருக்கும். விட்டுவிட்டால் ஒவ்வொன்றும் தனிச் செடியாகி, இலைதான் மிஞ்சும். திறந்த வெளியில் வளர்ப்பதால் நாலு கொத்து காய் பிடித்ததும் உச்சியையும் கிள்ளிவிடு, அதற்கு மேல் வருவது உங்கள் ஊர் வெயிலில் பழுக்காது. முதல் காய் பிடித்ததிலிருந்து வாரம் ஒருமுறை தக்காளி உரம் ஊற்று.

காயின் அடி கறுத்துத் தோல் மாதிரி ஆகிவிடுகிறது என்றாயே, அது நோய் இல்லை, தண்ணீர்க் கோளாறு. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. மண்ணில் அது இருக்கும், தண்ணீரோடு மேலே ஏறத்தான் தடை. முட்டை ஓட்டை நசுக்கிப் போடச் சொல்வார்கள், அது மக்குவதற்குள் கோடையே முடிந்துவிடும். ஒரே சீராகத் தண்ணீர் ஊற்று, போதும். தொட்டிகளுக்குத் தினமும், தரையில் இருப்பவற்றுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு தடவை ஆழமாக, காலையில், இலையில் படாமல் வேரில். மண் நன்றாக ஈரமானதும் மேலே மக்கிய குப்பையைப் பரப்பிவிடு. காய்ந்த மண்ணின்மேல் பரப்பினால் காய்ந்ததைத்தான் மூடி வைப்பாய்.

2022லும் 2025லும் யார்க்‌ஷயரில் ஹோஸ் குழாய்க்குத் தடை போட்டார்களே, அதனால் மழைத்தண்ணீர் பீப்பாய் வாங்கியது நல்ல வேலை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் படத்தைப் பார்த்ததும் என் கண் முதலில் மூடியைத்தான் தேடியது. 20 காசு நாணயம் அளவு தண்ணீர் தேங்கினாலே ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும் என்று கேட்டுக் கேட்டு வாழ்கிறவன் நான். இது டெங்கி அதிகமாகும் காலம் வேறு. தொட்டித் தட்டுகளைக் கவிழ்க்காமல் தூங்கப் போக முடியவில்லை. உனக்குக் கொசுவை விட நத்தைதான் எதிரி. இருட்டிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போனால் கையோடு பிடிக்கலாம். மாப்பிள்ளைக்கு அந்த வேலையைக் கொடு, சந்தோஷமாகச் செய்வார்.

புல்வெளி காய்ந்து பழுப்பாகிறது என்று தண்ணீரை வீணாக்காதே. மழை பெய்தால் தானே பச்சையாகும். வெட்டும்போது கொஞ்சம் உயரமாக விட்டு வெட்டு, போதும்.

கொத்தமல்லிதான் உன்னை ரொம்பச் சோதிக்கிறது போல. இலை வருவதற்குள் தண்டு நீண்டு பூத்துவிடுகிறது என்றால் அது உன் கைராசிக் குறைவு இல்லை, நீண்ட பகலும் சூடும் அதைப் பூக்கத் தள்ளுகின்றன. பாதி நிழலில், நேரடியாகத் தொட்டியில், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதை. பிடுங்கி நட்டால் இன்னும் சீக்கிரம் பூக்கும். பூத்ததை விட்டுவை, பச்சை விதையை ரசத்தில் தட்டிப் போட்டால் பிரமாதம். கறிவேப்பிலைத் தொட்டியை இப்போது வெளியே நல்ல வெயிலில் வைத்து நுனியைக் கிள்ளிவிடு, பக்கவாட்டில் கிளை விடும். செப்டம்பரில் இரவு குளிர ஆரம்பித்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும்.

உங்கம்மா தேக்கா சந்தையில் கீரை விதை வாங்கி வைத்திருக்கிறாள், தபாலில் அனுப்பலாமாம். இங்கிருந்து விதை வந்தால் அங்கே சான்றிதழ் கேட்பார்கள், நான் வேண்டாம் என்றேன். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயத்தையே ஊறவைத்துத் தூவு, ஒரு மாதத்தில் கீரை அறுக்கலாம். முளைத்ததும் படம் எடுத்து அவளுக்கு அனுப்பு, நான் சொன்னதாகச் சொல்லாதே.

தக்காளிச் செடியையும் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு, மொத்தச் செடி வேண்டாம், தண்டும் இலையும் சேரும் இடம் தெரிய வேண்டும். எதைக் கிள்ளலாம், எதை விடலாம் என்று வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அதுவரை தக்காளியில் எதையும் கிள்ளாதே.

அன்புடன்,
அப்பா