ரேங்க் கார்டு வாங்க வரும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை அரையாண்டுத் தேர்வின் ரேங்க் கார்டு தருகிறோம். இந்த முறை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை. நீங்களே வந்து வகுப்பாசிரியரிடம் பேசி வாங்கிக்கொள்ள வேண்டும். மார்க்கைப் பற்றிக் கொஞ்சம், பிள்ளையைப் பற்றி நிறைய பேசுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ரேங்க் கார்டு தரும் வாரத்தில் வயிற்றுவலி, தலைவலி என்று லீவு லெட்டர் குவியும். அதெல்லாம் நடிப்பு என்று நினைக்க வேண்டாம். பயத்திலும் கவலையிலும் வயிறு நிஜமாகவே வலிக்கும். மாத்திரை கொடுப்பதோடு நிறுத்தாமல், அந்த வலி எப்போது வருகிறது என்று கவனியுங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டுமா? கணக்குப் பரீட்சை அன்றா? ஒரு குறிப்பிட்ட பஸ்ஸில் ஏற வேண்டும் என்றாலா? அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் எங்களுக்குப் பெரிய உதவி. டிபன் பாக்ஸ் தொடாமல் திரும்பி வருவது, நேற்றுவரை கூடவே திரிந்த நண்பனின் பேரைச் சொன்னாலே எரிந்து விழுவது, விளையாடப் போகாமல் படுத்தே கிடப்பது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 'இந்த வயசு அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்.

"கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க சார்" என்று இன்றும் சில பெற்றோர் பிள்ளையை வைத்துக்கொண்டே என்னிடம் சொல்கிறார்கள். பாசத்தில் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் கேட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு, இனி பள்ளியில் என்ன நடந்தாலும் வீட்டில் சொல்லிப் பயனில்லை என்றுதான் படும். தவிர, 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதோடு சேர்த்து மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதையே அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. எதிர்வீட்டுப் பிள்ளையின் மார்க்கோடு ஒப்பிடுவதுதான் இன்னும் நிற்கவில்லை.

பள்ளியிலும் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். மார்க்கை வகுப்பில் சத்தமாக வாசிப்பதில்லை. பி.டி. பீரியடை வேறு பாடத்துக்குக் கடன் கொடுப்பதும் இல்லை. இதில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். சிலபஸ் முடிய வேண்டுமே என்ற அவர்கள் கவலையும் நியாயம்தான். ஆனாலும் பரீட்சை நெருங்க நெருங்கத்தான் பிள்ளைகளுக்கு மைதானம் அதிகம் தேவை. இந்த முடிவில் மாற்றமில்லை.

பட்டப்பெயர், நிறத்தைச் சொல்லிக் கேலி, கையில் கட்டும் சாதிக் கயிறு ஆகியவற்றை விளையாட்டு என்று நாங்கள் விடப்போவதில்லை. நேரில் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் 'மாணவர் மனசு' பெட்டியில் எழுதிப் போடலாம். எழுதியது யார் என்று வகுப்பில் விசாரிக்க மாட்டோம். "நீ எழுதினியா?" என்று வீட்டிலும் துருவாதீர்கள்.

அப்புறம் தூக்கம். விடியற்காலை ஐந்து மணிக்கு டியூஷன், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், இரவு மறுபடியும் டியூஷன் என்று ஓடும் பிளஸ் டூ பிள்ளைகள் முதல் பீரியடிலேயே மேசையில் சாய்கிறார்கள். இந்த வயதில் எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான். இரண்டு டியூஷனில் ஒன்றை நிறுத்தலாமா என்று யோசியுங்கள். இரவில் செல்போன் ஹாலிலேயே இருக்கட்டும், உங்களுடையதும்.

ஒரு பாடத்தில் தேறாவிட்டால் துணைத்தேர்வு இருக்கிறது. அதே ஆண்டிலேயே கல்லூரியில் சேரலாம். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வழியும் திறந்தே இருக்கிறது. இதை ரிசல்ட் வந்த பிறகு ஆறுதலாகச் சொல்வதைவிட, இப்போதே சாதாரணமாகச் சொல்லி வையுங்கள்.

"செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், கோபத்தில் சொன்னதாகத் தோன்றினாலும் உட்காரவைத்துக் கேளுங்கள். நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. திட்டாமல், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற 'நட்புடன் உங்களோடு' மனநல எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. குழந்தைகளுக்கான 1098 எண்ணும் இரவு பகலாக இயங்குகிறது. அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. போகக் கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி வரை ஆசிரியர்கள் இருப்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் சம்பளத்தை இழக்க வேண்டாம், வேலை முடிந்தே வாருங்கள். அப்பா அம்மா வெளியூரில் இருந்தால் தாத்தா, பாட்டி, பெரியம்மா என்று பிள்ளையோடு வீட்டில் இருக்கும் யார் வேண்டுமானாலும் வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்