லண்டிக் கோவா

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் ரவிக்கு,

உன் கடிதமும் லண்டித் தீவுப் படங்களும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் சுகம். மழைக்கு அம்மாவின் முழங்கால் வலிதான் கொஞ்சம் கூடுகிறது.

நீ கப்பலேறிப் போய்ப் பார்த்த அந்த மஞ்சள் பூ, லண்டிக் கோவா, இரண்டு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. முதலில் கடுகுப் பூ என்றுதான் நினைத்தேன். அதே நான்கு இதழ், சிலுவை மாதிரி. முட்டைக்கோசு என்கிற கோவாவும் கடுகும் ஒரே குடும்பம்தானே. இங்கிலாந்தின் டெவன் கரைக்கு அப்பால், ஐந்து கிலோமீற்றர் அளவு நீளமுள்ள ஒரு கருங்கல் தீவு. அதை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. எலிஸ்டன் ரைட் என்ற மருத்துவர் கவனித்துச் சொன்ன பிறகு, 1936இல்தான் தனி இனமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதைவிட அதன் வண்டு. வேறு எந்தச் செடியையும் நம்பாமல் லண்டிக் கோவாவையே தின்று வாழ்கிற சின்ன வண்டு மச்சான்! உன் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். இலையில் குண்டூசித் தலையளவில் ஏழெட்டு ஓட்டைகள். அந்த வண்டின் வேலையாகத்தான் இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் என்றால் மருந்தடிக்க ஓடியிருப்பேன். இதைக் கண்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏ.எல். பரீட்சை முடிந்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோமே, சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த ரொடோடென்ட்ரன் நினைவிருக்கிறதா? அது அந்த மண்ணின் மரம். அதன் இன்னொரு இனத்தை அழகுக்காக லண்டியில் நட, அது கிழக்குச் சரிவெல்லாம் பரவி, கோவாவுக்கு வெயில் படாமல் மூடிவிட்டது. செங்குத்தான பாறைகளில் வருடக்கணக்காக நின்று அதை வெட்டி அகற்றியிருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

நேற்றுக் காலை தண்டவாளம் தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். கற்களுக்கு நடுவே அடம்பன் கொடி, ஒரே ஒரு ஊதாப் பூ. வழக்கமாகத் தாண்டிப் போய்விடுவேன். நேற்றுக் குந்தியிருந்து பார்த்தேன். இங்கே பிடுங்கி எறிந்தாலும் அடம்பன் இன்னொரு கரையில் இருக்கும். லண்டிக் கோவாவுக்கு அந்த ஒரு தீவுதான்.

சரி, வருகிற வைகாசியிலும் போவாய் என்றால் அந்த வண்டையும் தேடு. தொட்டால் தெள்ளு மாதிரித் துள்ளிவிடுமாம், எட்ட நின்றே படம் எடு. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமார்