விக்டோரியா அரங்கின் மாலைகளை நாடகத்துக்குக் கொடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் சிவப்புக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறேன். பல வருஷம் பூட்டிக் கிடந்த விக்டோரியா பொது அரங்கத்தைப் புதுப்பிக்கும் வேலையை மாநகராட்சி கையில் எடுத்ததற்கு முதலில் நன்றி. இடிந்து விழும்வரை விட்டுவிடுவார்கள் என்றுதான் எங்களில் பலர் நினைத்திருந்தோம். கட்டடம் பிழைத்துவிட்டது. அதை யாருக்கு, எந்த நாளில், என்ன வாடகைக்கு விடுவது என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நான் ஆபீஸ் முடிந்து நேராக ஒத்திகைக்குப் போகிறவன். நாடகத்தில் சம்பளம் கிடையாது, எதிர்பார்ப்பதும் இல்லை.

கேட்பது இதுதான். வார இறுதி மாலைகளில் ஒரு பகுதியை, எங்களைப்போல் சம்பளமில்லாமல் ஆர்வத்துக்காக நடிக்கும் பயில்முறை நாடகக் குழுக்களுக்கு என்று ஒதுக்குங்கள். முழு வாடகையையும் முன்கூட்டியே கட்டச் சொல்லாமல், டிக்கெட் வசூலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இத்தனை அரங்கங்கள் இருக்கும்போது ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். இந்த அரங்கத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்களில் சம்பளமில்லாத நாடகக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1891-இல் பெல்லாரி வக்கீல் கிருஷ்ணமாசார்லுவின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் மேடையேறி நடிக்கிறார்கள் என்பதே அன்றைக்கு அதிசயம். அதைப் பார்த்த உற்சாகத்தில் பம்மல் சம்பந்த முதலியாரும் அவருடைய நண்பர்கள் சிலரும் அதே ஆண்டு ஜூலை 1 அன்று சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். அவருக்கு அப்போது வயது 18. வேஷம் கட்டுகிறவன் வீட்டில் பெண் கொடுக்க யோசித்த காலம் அது. நாடகம் என்றால் விடிய விடியப் பாட்டு. இவர்கள் வசனத்துக்கு இடம் கொடுத்தார்கள், நாடகத்தின் நீளத்தைக் குறைத்தார்கள், சொன்ன நேரத்தில் திரையைத் தூக்குவதில் பிடிவாதமாக இருந்தார்கள். (இன்றைக்கும் முக்கியஸ்தர் வரவில்லை என்று அரை மணி நேரம் உட்கார வைக்கும் விழாக்களை நினைத்துக்கொள்கிறேன்.)

கட்டடக் கலைஞர் சிசோம் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய இந்த அரங்கில்தான் சபை பல வருஷம் நாடகம் போட்டது. 1895-இல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ நாடகம் வந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் தமிழில் ‘அமலாதித்யன்’ ஆனான். சம்பந்த முதலியார் பகலில் நீதிமன்றத்தில் வக்கீல், மாலையில் மேடையில் மனோகரன். பிறகு சிறு வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் சபையின் மேடையில் நடித்தவர். சபை கடல் தாண்டி இலங்கைக்கும் போய் நாடகம் நடத்தியது. அங்கே கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையும் யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபையும் அதே வழியில் எழுந்தன.

புகழ்ந்துகொண்டே போக எனக்கு விருப்பமில்லை. சபையின் மேடையில் பெண்கள் கிடையாது. நாயகி வேஷங்களை ரங்கவடிவேலு கட்டினார்; அவரைப் பற்றி முதலியார் தம் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் உருகி உருகி எழுதியிருக்கிறார். உறுப்பினர்களில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும்தான் அதிகம். வால்டாக்ஸ் ரோட்டில் மூட்டை தூக்கியவர் இந்தப் படியேறி வந்து உட்கார்ந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. 1930-களில் சபை மவுண்ட் ரோட்டுக்கு இடம் மாறியது. காலப்போக்கில் நாடகம் ஓய்ந்து, பொழுதுபோக்கு மன்றமே மிஞ்சியது.

ஆனால் வழி திறந்துவிட்டது. 1952-இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பயில்முறைக் குழுவைத் தொடங்கினார்கள். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் (அரசுக் கணக்காயர் அலுவலகம்) ஊழியர், நாகேஷ் ரயில்வே, பூர்ணம் விஸ்வநாதன் வானொலி. கிரேசி மோகன் இன்ஜினீயர். பின்னால் சினிமா இவர்களைச் சுவீகரித்துக்கொண்டது. முதலில் வளர்த்தது ஆபீஸ் விட்டபின் நடந்த ஒத்திகைகள்தான்.

இன்றைக்கு ஒரு பயில்முறைக் குழு எப்படி ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதனால் சொல்கிறேன். ஒத்திகை யாராவது ஒருவருடைய அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் நடக்கும். எட்டரைக்கு மேல் குரலை உயர்த்தினால் அசோசியேஷன் செயலாளர் மேலே வந்துவிடுவார், ஆகவே சண்டைக் காட்சியைக் கிசுகிசுப்பாகப் பழகுவோம். மேடையில் வரும் சோபா கதாநாயகன் வீட்டுச் சோபா. நாடகத்தன்று அவர் வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். அந்தச் சோபாவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, மறந்த வசனத்தை எடுத்துக் கொடுத்து ப்ராம்ப்ட் செய்கிறவர் எங்கள் எழுத்தாளர். தன் வசனத்தை நடிகர் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அவர் முகம் போகும் போக்கைப் பார்வையாளர்கள் பார்க்க முடிவதில்லை, அது ஒரு நஷ்டம்தான். மேக்கப்காரருக்குக் காசு, லைட்டுக்கும் மைக்குக்கும் காசு, செட் ஏற்றிவரும் டெம்போவுக்குக் காசு. நடிகர்களுக்குக் காபியும் டிபனும். மார்ச் மாதம் ஒத்திகையே கிடையாது. குழுவில் பாதிப் பேர் வங்கிக்காரர்கள், கணக்கு முடிக்கும் மாதம்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் கழுத்தைப் பிடிப்பது அரங்க வாடகை. நகரின் நல்ல அரங்கம் ஒன்றில் கேட்டோம். வாடகை, டெபாசிட், ஏசிக்குத் தனி, ஜெனரேட்டருக்குத் தனி, காலையிலேயே வந்து செட் போட்டால் அதற்கு இன்னொரு ஷிப்ட். அரங்கம் நிறைந்தாலும் வரவு அந்தச் செலவைத் தொடாது. சபாக்கள் கூப்பிட்டால் போடுகிறோம், கோடையில் நாடக விழா உண்டு. அங்கே மேடை கிடைப்பவை பெரும்பாலும் பேர் நிலைத்த குழுக்கள். கல்லூரி முடித்த நாலு பேர் புதிதாக ஒரு நாடகம் எழுதி வைத்துக்கொண்டு எங்கே போவார்கள்? சொந்தக் காசைப் போட்டு ஒரு தடவை போடுவார்கள். கடன் அடைந்த பிறகு குறும்படம் எடுக்கப் போய்விடுவார்கள்.

அதனால்தான் வசூலில் பங்கு என்கிறேன். கூட்டம் வந்தால் மாநகராட்சிக்கும் வருமானம், வராவிட்டால் குழு கடனாளி ஆகாது. கல்யாண வரவேற்புக்கும் கம்பெனி விழாவுக்கும் விட்டால் இதைவிட அதிகம் வரும், மறுக்கவில்லை. மற்ற நாட்களில் அவர்களிடம் முழு வாடகை வாங்குங்கள், யார் வேண்டாமென்றது?

இன்னொன்று. ஜார்ஜ் டவுன் பக்கம் வளர்ந்த சபா நாடகம் எப்போதோ மயிலாப்பூர், தி.நகர் பக்கம் குடிபோய்விட்டது. வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் இருக்கிற இளைஞர்கள் நாடகம் பார்க்க ஊரைக் கடந்து போக வேண்டும். திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். இந்த அரங்கத்தின் வாசலில் மெட்ரோ இருக்கிறது, எதிரே சென்ட்ரல், கூப்பிடு தூரத்தில் பார்க் ஸ்டேஷன். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தால் திருவொற்றியூர்க்காரரும் தாம்பரத்துக்காரரும் நிம்மதியாக வீடு போய்ச் சேரலாம். ஒதுக்கும் நாட்களில் வடசென்னைக் குழுக்களுக்கும் பள்ளி, கல்லூரி, தொழிற்சங்கக் குழுக்களுக்கும் கண்டிப்பாக இடம் இருக்கட்டும். சிபாரிசுக் கடிதம் வேண்டாம். விண்ணப்பித்தவர்கள் முன்னிலையில் குலுக்கிப் போடுங்கள். சுகுண விலாச சபை செய்யாததை நீங்கள் செய்ததாக இருக்கும்.

பழைய நாடகக்காரர்களின் படங்களைக் கண்ணாடிக்குள் மாட்டி வைப்பது நல்லதுதான். சம்பந்த முதலியாரின் படத்தை மாட்டிவிட்டு, அவரைப்போல ஆபீஸிலிருந்து வருகிறவனை வாசலில் நிறுத்தி வைப்பது மட்டும் பொருந்தாது.

மேடை தொடர்பான சில சின்ன விஷயங்களையும் கவனியுங்கள். செட் இறக்கும் டெம்போ மேடைக்குப் பின்புறம் வரை வர வழி வேண்டும். முன்வாசல் படிகளில் பீரோவைத் தூக்கிப் போனால் நீங்கள் செலவழித்துப் புதுப்பித்த தரைக்குத்தான் ஆபத்து. மேடைக்கு மேலே விளக்கும் திரையும் கட்டக் குழாய் இருக்க வேண்டும். பாரம்பரியக் கட்டடத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும், குழாய் இல்லாவிட்டால் யாராவது அடித்துவிடுவார்கள். பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள தனி ஒப்பனை அறையும் கழிப்பறையும் வேண்டும். எங்கள் குழுவில் நடிக்க வந்து பாதியில் நின்றுவிட்ட பெண்கள் இருவர் சொன்ன காரணம் இதுதான்.

வாடகைப் பட்டியலை இறுதி செய்வதற்கு முன் குழுக்களை அழைத்து ஒரு முறை பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எல்லோராலும் வர முடியும். மார்ச்சில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சென்னைப் பயில்முறை நாடகக் குழு ஒன்றின் உறுப்பினன்