வள்ளத்துக்கு வாங்கும் ரெசினும் விமான இறக்கையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் கரைகளில் ஃபைபர் வள்ளம் கட்டுவோருக்கும், களியக்காவிளைக்கு அப்பால் விழிஞ்ஞம் வரையுள்ள பழுதுபார்ப்புப் பட்டறைகளுக்கும் ரெசினும் (கண்ணாடி இழையோடு சேர்ந்து உறையும் பிசின்) கண்ணாடி இழையும் விற்றுவரும் எங்கள் மார்த்தாண்டம் கடைக்கு, அண்மைக் காலமாகச் சிறு விமானத்தைத் தாமே கட்ட முனைவோரும் பொறியியல் மாணவர்களும் வரத் தொடங்கியுள்ளனர். ரெசின் கேட்டவுடன் எடுத்துத் தராமல், எந்த ஃபோமின் மீது பூசப்போகிறீர்கள் என்று நாங்கள் விசாரிப்பதில் சிலருக்கு வருத்தம் உண்டு என்று அறிகிறோம். அதற்கான காரணத்தை இம்மடலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையின்போது, எங்களிடம் வாங்கிச் சென்ற பாலியெஸ்டர் ரெசினை ஒருவர், இறக்கை முனைக்காக அறுத்து வைத்திருந்த நீல நிற ஃபோமின் மீது தடவினார். ஃபோம் குழிகுழியாகக் கரைந்து, பல வார உழைப்பு பாழாயிற்று. கேளாமல் விற்ற பிழை எங்களுடையது. அந்த நீல ஃபோமும் நாம் அன்றாடம் காணும் தெர்மாகோலும் பாலிஸ்டைரீன் என்ற ஒரே பொருளால் ஆனவை. பெட்ரோல் பட்டால் தெர்மாகோல் என்ன ஆகுமோ, பாலியெஸ்டர் ரெசினில் கலந்துள்ள ஸ்டைரீன் என்ற திரவம் பட்டாலும் இந்த ஃபோம் அதுவே ஆகும். எபாக்சி என்ற மற்றொரு வகை ரெசினில் ஸ்டைரீன் இல்லாததால் அது ஃபோமைத் தீண்டுவதில்லை.

அமெரிக்காவின் பர்ட் ரூட்டன் வடிவமைத்து 1975இல் பறந்த வேரிஈஸி, 1979இல் பறந்த லாங்-ஈஸி என்ற சிறு விமானங்கள் வீட்டில் கட்டுவோரிடையே பரப்பிய முறையில் அச்சு என்பதே கிடையாது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 32 கிலோ மட்டுமே எடையுள்ள ஃபோம் கட்டியைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, அதன் மேலேயே கண்ணாடித் துணியை விரித்து எபாக்சியில் ஊறவைத்து ஒட்டுவார்கள். மேல் தோலும் கீழ்த் தோலும் விலகியும் நெளியாமலும் நிற்பதற்கே ஃபோம். வளைவின் சுமையைத் தாங்குவது துணி. ஆகவே வள்ளத்துக்கு இடும் மேட் (நெய்யாத கண்ணாடி இழை விரிப்பு) இதற்கு ஆகாது. அதன் இழைகள் துண்டு துண்டானவை. எடைக்கு மேல் எடையாக ரெசினைக் குடிப்பவை. அவற்றைப் பிணைத்திருக்கும் பசையோ பெரும்பாலும் ஸ்டைரீனில் இளகும்படி செய்யப்பட்டது, எபாக்சியில் சரியாக நனையாது. நெய்த துணியையே கேட்டு வாங்குங்கள். மற்றொரு வகையான பாலியூரித்தேன் ஃபோமை மட்டும் சூடான கம்பியால் அறுக்கவே கூடாது. அதன் புகை நஞ்சு. கத்தியாலும் உப்புத்தாளாலும் வடிவமைத்துக்கொள்ளலாம்.

வள்ளக்காரர்களிடம் பழகிய கை இன்னோரிடத்திலும் ஏமாற்றும். பாலியெஸ்டருக்கு 100 கிராமுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரை கேட்டலிஸ்ட் (உறைதலைத் தூண்டும் திரவம்) விட்டு, மழை நாளில் சற்றுக் கூட்டி, வெயிலில் குறைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். எபாக்சியை உறையவைக்கச் சேர்க்கும் ஹார்ட்னரோ ரெசினோடு அளவுக்கு அளவு இணைந்து தானும் பொருளின் பகுதியாகிவிடுவது. கூட்டினாலும் குறைத்தாலும் மிச்சப்பட்டது உள்ளேயே தங்கி, பாகம் மென்மையாகவே நின்றுவிடும். டின்னில் அச்சிட்ட எடை விகிதப்படி தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். கலந்ததை ஆழமான கோப்பையில் விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து கெட்டியாகும் என்பதால், அகலத் தட்டில் சிறிது சிறிதாகக் கலப்பது நல்லது.

நம் பக்கத்தில் பெரும் தொல்லை ஈரம். இடவப்பாதியிலும் ஐப்பசி மழையிலும், உறையும் எபாக்சியின் மேல் எண்ணெய் தடவியதுபோல் ஒரு பிசுக்குப் படியும். காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் ஹார்ட்னர் சேர்வதால் உண்டாவது அது. அதன்மேல் அடுத்த அடுக்கை ஒட்டினால் பிடிக்காது. வெந்நீரில் கழுவித் துடைத்து, நன்கு காய்ந்தபின்தான் உப்புத்தாள் போட வேண்டும். முதலிலேயே தேய்த்தால் பிசுக்கு உள்ளே ஏறிவிடும். மழை விடாத நாட்களில் வேலையைத் தள்ளிப்போடுவதே மேல் என்பது எங்கள் கருத்து, விற்பனை குறைந்தாலும்.

இனி எபாக்சியையும் ஹார்ட்னரையும் உடைத்துச் சில்லறையாக விற்பதில்லை; முத்திரையிட்ட இணையாகவே தருவோம். துணியைச் சுருளாகப் பாலித்தீன் உறையிட்டு, ஈரம் ஏறாதிருக்க மின்விளக்கு எரியும் அலமாரியில் வைத்திருக்கிறோம். ஃபோமின் சிறு துண்டு ஒன்றைக் கொண்டுவந்தால், வாங்கப்போகும் ரெசினைச் சொட்டிக் கல்லாவிலேயே சோதித்துக் காட்டுகிறோம். சென்ற ஆண்டு நட்டப்பட்ட வாடிக்கையாளருக்கு எபாக்சி விலையில்லாமல் வழங்கப்பட்டுவிட்டது.

இப்படிக்கு,
கடைப் பொறுப்பாளர்,
மார்த்தாண்டம்