கடலுக்கு முதுகக் காட்டி எடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோர சைக்கிள் பயணம்னு போன இதழ்ல ரெண்டு பக்கம் போட்டோவா போட்டிருந்தீங்க, பாத்தேன், பிரிண்ட் எல்லாம் அருமை. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். எந்தப் படத்தப் பாத்தாலும் மணல்ல ஒரு சைக்கிள் நிக்குது, பின்னாடி கடல், சூரியன் கரெக்டா சக்கரக் கம்பிக்கு நடுவுல வந்து உக்காந்திருக்கு. இத மெரினால எடுத்தா என்ன, மணப்பாட்டுல எடுத்தா என்ன?

நான் தூத்துக்குடிக்காரன், லீவு நாள்ல திருச்செந்தூர் ரோட்டுல மிதிக்கிற ஆளு. நம்ம பக்கம் கடல் கிழக்க இருக்கு, விடிஞ்சதும் வெளிச்சம் கடல்லேர்ந்து கரைக்குத்தான் வருது, அப்ப போய் கடலப் பாத்து கேமராவ நீட்டுனா முன்னாடி நிக்கிற படகு, ஆளு எல்லாமே கருப்பாத்தான் விழும். அப்படியே திரும்பி நில்லுங்க சார், அந்த மஞ்ச வெயில் மொத்தமும் கரை மேலதான் கெடக்கு, அத எடுக்க ஆள் இல்ல.

முள்ளக்காடு பக்கம் வந்தா உப்பளம். கார்ல போறவங்களுக்கு அது சும்மா வெள்ளையா ஓடிப்போயிரும், சைக்கிள்ல போனாத்தான் பாத்தி பாத்தியா தெரியும், ஒண்ணுல வெறும் தண்ணி, பக்கத்துல மேலாப்புல லேசா ஏடு கட்ட ஆரம்பிச்சிருக்கும், அதுக்கும் அடுத்ததுல உப்ப வாரி வரப்புல குவிச்சிருப்பாங்க, தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். வெயில் ஏறுனா நிக்க முடியாதுன்னு இருட்டோடயே வேலைக்கு எறங்கிடுறாங்க, சேலைக்கு மேல பழைய சட்டை, தலைல துண்டு. இங்க போன்ல எடுக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம், வெள்ளை ஜாஸ்தியா இருந்தா கேமரா அத வெளிச்சம் அதிகம்னு நெனச்சுக்கிட்டு கொறச்சிரும், உப்பு சாம்பல் கலர்ல வரும், திரைய தொட்டு வெளிச்சத்த கொஞ்சம் ஏத்தி விட்டுட்டு எடுங்க. ஐப்பசி கார்த்திகைல மழை பிடிச்சிட்டா உப்பு வாரல் கெடையாது, குவிச்ச உப்பு அம்பாரத்த மூடி வெச்சிருப்பாங்க, அதுவும் பாக்க நல்லாத்தான் இருக்கும்.

அப்புறம் தாமிரபரணி பாலம், ஆத்தூர் வெத்தலக் கொடிக்கால் (2023ல புவிசார் குறியீடு வாங்குன வெத்தல), அதுல இது வரைக்கும் ஒரு படம் கூட உங்க இதழ்ல வந்து பாத்ததில்ல. திருச்செந்தூர்ல ராஜகோபுரம் மேற்குப் பக்கம் இருக்கு, அதனால காலைல கடல்ல கால நனைச்சுக்கிட்டே திரும்பிப் பாத்தா வெயில் நேரா அதுல விழும். மணப்பாட்டுல 1581ல கட்டுன திருச்சிலுவைக் கோயில் மணல் மேட்டு உச்சில நிக்குது, எல்லாரும் அந்த மேட்டுல ஏறி கடல எடுத்துட்டு எறங்கிடுறாங்க, ஏன்னே தெரியல, கீழ ஊரும் கழிமுகமும் படகும் ஒரே பிரேம்ல கெடைக்குதே!

உடன்குடி பக்கம் உள்ள தள்ளி செவப்பு தேரி மண்ணு இருக்கு, இரும்புச் சத்து கலந்த மண்ணுங்கறதால அந்தக் கலரு. ஆடிக் காத்துல அது பறக்கும், அங்க நின்னு லென்ஸ கழட்டி மாட்டுனா கேமரா உள்ள மண்ணுதான். ஆடில வர்றவங்க கன்னியாகுமரிலேர்ந்து கெளம்பி வடக்க வாங்க, காத்து முதுகப் பிடிச்சு தள்ளும், எதுத்து மிதிச்சா அன்னைக்கு போட்டோ எடுக்கிற ஆசையே போயிரும்.

ஆளுங்கள எடுக்கிறதப் பத்தி கொஞ்சம் கோவமாவே சொல்றேன். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், அப்ப கரைல வலை பழுது பாக்கிறதும் படகுக்கு பெயிண்ட் அடிக்கிறதுமா இருப்பாங்க, படம் எடுக்க நல்ல நேரம்தான், ஆனா வருமானம் இல்லாம உக்காந்திருக்கிற மனுசன் மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டுனா அவருக்கு எப்படி இருக்கும்? அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கவான்னு கேளுங்க, சைக்கிள்ல வந்த ஆளுன்னா எங்கேர்ந்து மிதிச்சு வர்றன்னு அவரே பேச்சு குடுப்பாரு. வேண்டாம்னா விட்டுருங்க. எடுத்தா வாட்ஸப்ல அனுப்பி வைங்க, அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போறவங்கதான் ஜாஸ்தின்னு கடக்கரைல ஏற்கனவே பேச்சு இருக்கு.

சைக்கிள அலை வர்ற எடத்துல நிக்க வெச்சு எடுக்கிறத தயவுசெஞ்சு பெருசா போடாதீங்க. அதப் பாத்துட்டு எங்க தெருப் பையன் ஒருத்தன் புது சைக்கிள ஈர மணல்ல சாய்ச்சிட்டான், உப்புத் தண்ணிக்கு செயின் எவ்ளோ நாள் தாங்கும், இப்ப மிதிச்சா தெருவுக்கே கேக்குது.

அடுத்த தடவ படத்துக்குக் கீழ ஊர் பேரும் எடுத்த மாசமும் போடுங்க. கடலோரம்னு மட்டும் போட்டா நாங்க எங்கன்னு போய்த் தேடுறது?

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தூத்துக்குடி