ஆய்வகத்துக்குப் பாதரசம் இல்லாத விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் குடிநீர்க் கருவிகளில் எரியும் புற ஊதா விளக்கைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதே விளக்கு கல்லூரி ஆய்வகங்களிலும் எரிகிறது. அதை மாற்றுகிறவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல இருக்கிறது.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ் பேசும் ஊர் ஒன்றில் குடியிருக்கிறேன். தினமும் வேலந்தாவளம் வழியாக எல்லை தாண்டி, ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்துக்கு உதவியாளர் வேலைக்குப் போகிறேன். எங்கள் கிழக்குப் பக்கத்தில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளோடுதான் நானும் படித்தேன். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது போகக்கூடாது. அவ்வளவு சிறிய அளவை ஆய்வகத்தில் அளக்க வேண்டுமானால், சோதனை மருந்துகளைக் கலக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும்.

முன்பு வாலைவடித்த தண்ணீரைத்தான் பயன்படுத்தினோம். ஒரு லிட்டர் வடிக்க அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பிடிக்கும். ஆவியைக் குளிரவைக்க விட்ட தண்ணீர் பத்து லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகும். ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று வாய்க்காலைப் பார்த்துக் காத்திருக்கும் ஊர்க்காரனுக்கு அது வயிற்றெரிச்சல். பிறகு ஆர்.ஓ. சவ்வும், கரைந்த உப்புகளைப் பிடித்துவைக்கும் ரெசினும், புற ஊதா விளக்கும் சேர்ந்த கருவி வந்தது. நல்ல கருவிதான். ஆனால் அந்த விளக்குக்குள் இருப்பது பாதரச ஆவி.

கொஞ்ச நாள் முன்பு விளக்கை மாற்றும்போது பயிற்சிக்கு வந்த தம்பியின் கை நழுவி, குழாய் தரையில் விழுந்து உடைந்தது. அவன் துடைப்பத்தை எடுத்தான். தடுத்து, எல்லோரையும் வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். பெருக்கினால் பாதரசம் இன்னும் சிதறும். கனமான அட்டையால் வாரி, ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடிபோட்ட பாட்டிலில் அடைத்தேன். அந்த பாட்டிலும் பழைய விளக்குகள் ஒன்பதும் இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. "புதுசு தருவோம் சார், பழசை எடுக்கமாட்டோம்" என்கிறார் விற்பனையாளர்.

ஒரு விளக்கில் 5 மில்லிகிராம் பாதரசம் என்று வைத்துக்கொள்வோம். குடிநீரில் பாதரசத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அப்படியானால் அந்த ஒரு விளக்கே 5,000 லிட்டர் தண்ணீரை வரம்பு வரை கொண்டுபோய்விடும். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டும், அங்கே கிடந்த பாதரசத்தைப் பற்றிய பேச்சு பல ஆண்டுகள் ஓயவில்லை. குப்பையோடு குப்பையாக இதைப் போட்டால் முதலில் கை வைக்கப்போவது யார்? எல்லைக்கு அந்தப் பக்கம் தூய்மைப் பணியாளர். எங்கள் ஊரில் வீடு வீடாக வந்து குப்பை வாங்கும் ஹரித கர்ம சேனை அக்காக்கள். சாக்குக்குள் குழாய் உடைந்தால் அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

மாற்று வந்துவிட்டது. பாதரச விளக்கு இரண்டு வேலை செய்கிறது: 254 நானோமீட்டர் ஒளி கிருமியின் மரபணுவைச் சிதைக்கிறது, 185 நானோமீட்டர் ஒளி கரைந்திருக்கும் கரிமப் பொருளை உடைக்கிறது. முதல் வேலையை 265 நானோமீட்டர் அளவில் ஒளிரும் எல்.இ.டி. செய்யும். இரண்டாவதை எல்.இ.டி.யால் செய்ய முடியாது. அதற்கு 172 நானோமீட்டர் ஒளி தரும், செனான் வாயு நிரப்பிய எக்ஸைமர் விளக்கு இருக்கிறது. இரண்டிலும் பாதரசம் இல்லை.

வாங்கும் மின்சாரத்தை ஒளியாக்குவதில் பாதரச விளக்குதான் இன்றும் கெட்டிக்காரன். ஆனால் அது சூடேறி முழு ஒளிக்கு வர நேரமாகும் என்பதால் பெரும்பாலும் இரவும் பகலும் எரியவிடுகிறோம். தேங்கிய தண்ணீரும் சூடாகிறது. எல்.இ.டி. போட்ட நொடியில் எரியும். நாளுக்கு நாலைந்து லிட்டர் எடுக்கும் எங்களைப் போன்ற ஆய்வகத்துக்கு அதுவே பொருந்தும்.

2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில் பாதரசம் உள்ள விளக்குகளும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் கொள்முதல் ஆணையில் நாம் எழுதிக் கேட்காவிட்டால் எந்த விற்பனையாளரும் தானாக முன்வரமாட்டார். இந்த முறை எங்கள் துறைக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: விளக்கு பாதரசம் இல்லாததாக இருக்க வேண்டும், பழைய விளக்குகளைக் கருவி தருகிறவரே எடுத்துச் சென்று, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்த ரசீதைக் காட்ட வேண்டும். மற்ற கல்லூரிகளின் ஆய்வக உதவியாளர்களும் தங்கள் துறைத்தலைவரிடம் இதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தாங்களும் ஓர் உதவி செய்ய வேண்டும். தமிழகத்திலும் கேரளத்திலும் பாதரச விளக்குகளை வாங்கிக்கொள்ளும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியலை மாவட்ட வாரியாக உங்கள் இதழில் வெளியிடுங்கள். எங்கள் அலமாரியில் உள்ள ஒன்பது விளக்குகளையும் அந்த பாட்டிலையும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக உதவியாளர்,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.