படுகளத்து மண்

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் இரண்டு பேருமே கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டோம். நீ அனுப்பிய போட்டோவில் உன் சட்டையில் ‘மேக்னீட்டோ செய்ததே சரி’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எக்ஸ்-மென் காமிக்ஸில் வருகிற அந்த வில்லன்தான். "அத்தனை பேரைக் கொன்னவனைச் சரின்னு எப்படிப்பா சொல்றது?" என்று கேட்டேன். "உனக்கு வில்லனைப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்த வார்த்தை நாலு நாளாக மனசிலேயே கிடக்கிறது. மறுபடி போன் போட்டால் மறுபடி சண்டைதான் வரும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்ன வயதில் ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘துரியோதனன் பொண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெல்லம் வாங்கப் போனால், "துரியோதனன் பொண்ணு வந்திருக்கு, முதல்ல அதுக்குக் கட்டிக் கொடு" என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். உன் தாத்தா எங்கள் தெருக்கூத்து ஜமாவில் முப்பது வருடம் துரியோதனன் வேஷம் கட்டினார். நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அவரை அந்தக் கட்டை வேஷத்தில் நீ பார்க்கவில்லையே என்று எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு.

சாயங்காலம் கொட்டகையில் கண்ணாடி முன்னால் உட்காருவார். முகம் முழுக்க சிவப்பு பூசி, மேலே வெள்ளைப் புள்ளி வைத்து, மையால் மீசையைக் காது வரைக்கும் இழுப்பார். அப்புறம் கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம். எல்லாம் கல்யாண முருங்கை மரக்கட்டையில் செதுக்கி கண்ணாடிச் சில்லு பதித்தவை. முதுகுப் பக்கம் கயிறுகளை இழுத்துக் கட்டும்போது நான்தான் அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கடைசிக் கயிறு இறுகியதும் அப்பா என்னோடு பேசமாட்டார். சலங்கைக் காலைத் தரையில் ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு திரைக்குப் பின்னால் போகிறவர் என் அப்பா இல்லை.

துகில் கூத்து அன்றைக்கு நான் பயந்து பாட்டி மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வரச் சொல்லித் தொடையைத் தட்டிக் காட்டும்போது, முன்வரிசையில் இருக்கிற கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். "பாவி, நீ நாசமாப் போக" என்று வாய்விட்டுச் சாபம் கொடுப்பார்கள். விடிந்ததும் சாயத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் ஒருநாள் கேட்டேன்: "ஏம்ப்பா அவ்வளவு கெட்டவனா ஆடுற? கொஞ்சம் குறைச்சு ஆடக் கூடாதா?" அப்பா சொன்னார்: "நான் அவன் தப்பைக் குறைச்சு ஆடினா, படுகளத்துல காந்தாரி எதுக்கும்மா அழணும்?"

எனக்கு அப்போது புரியவில்லை. துரியோதனன் சாகிற அந்தப் படுகளத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. மைதானத்தில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். நம் உயரம் அவன் முழங்கால் அளவுகூட வராது. பகல் வெயிலில் அப்பா அந்த மண் மார்பின்மேல் ஏறி ஓடுவார், பீமன் துரத்துவான். கடைசியில் தொடையில் அடி விழும். உள்ளே புதைத்து வைத்த சட்டி உடைந்து சிவப்புத் தண்ணீர் கொட்டும். பாஞ்சாலி அதைத் தொட்டுத் தலைமுடியை முடிவாள். அதுவரைக்கும் ஒரே ஆரவாரம். அப்புறம் காந்தாரி தலைவிரிகோலமாக மாரடித்துக்கொண்டு வருவாள். மைதானமே அடங்கிப்போகும். துகில் அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றிய அதே கிழவிகள் ஒப்பாரிக்குக் கூடவே குரல் கொடுத்து அழுவார்கள். எல்லாம் முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். பாட்டி அதை நெற்குதிரில் போடுவாள்.

வில்லனை நேசிப்பது என்றால் எனக்குத் தெரிந்தது இதுதான்.

காமிக்ஸும் எனக்குப் புதுசு இல்லை, கண்ணு. 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வரத் தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மாமாவும் நானும் காசு சேர்த்து வாங்குவோம். எங்கள் ஆள் ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லை. இவன் கறுப்பு உடையும் கூரான காதுமாக, வலைத் துப்பாக்கி வைத்துக்கொண்டு, உலகத்துத் திருடர்களுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்று கிளம்பிய குற்றச் சக்கரவர்த்தி. 1965இல் இங்கிலாந்தில் லயன் என்ற பெயரிலேயே வந்துகொண்டிருந்த வாரப் பத்திரிகையில் பிறந்தவன். அவன் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதிய ஜெர்ரி சீகல்தான், ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனையே உருவாக்கியவர் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. பிறகு ஸ்பைடர் மனம் மாறிக் குற்றவாளிகளோடு மோத ஆரம்பித்தான். எல்லாரும் கொண்டாடினார்கள். எனக்கும் மாமாவுக்கும் மட்டும் பழைய ருசி வரவில்லை. தன் கையாட்கள் பெல்காமையும் ஆர்டினியையும் மிரட்டி வேலை வாங்குகிற அந்தத் திமிர் பிடித்தவனைத்தான் எங்களுக்குப் பிடித்திருந்தது.

அதனால் வில்லன் ஏன் பிடிக்கிறது என்று நான் உன்னைக் கேட்கவே மாட்டேன். அவனுக்கு ஒரு ஆசை இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறான். நாயகனுக்குப் பெரும்பாலும் காவல் காக்கிற வேலைதான். துரியோதனனையே எடுத்துக்கொள். வில்லிபுத்தூரார் பாரதத்தில், கர்ணன் இவன் மனைவியோடு தனியாக இருக்கும்போது மேகலை அறுந்து மணி சிதறிய இடத்துக்கு இவன் வந்து நிற்கிறான். சந்தேகம் துளியும் இல்லாமல் "எடுக்கவோ கோக்கவோ" என்று கேட்கிறான். உன் தாத்தா அந்த இடத்தைச் சொன்னாலே குரல் கம்மிவிடும். கேரளத்தில் கொல்லம் பக்கம் பொருவழி மலநடையில் அவனுக்குக் கோயிலே இருக்கிறது. சிலை கிடையாது, ஒரு மேடைதான். காட்டில் தாகத்தோடு வந்தவனுக்குக் குறவர் குலத்துக் கிழவி ஒருத்தி கள் கொடுத்தாளாம். அவன் ஜாதி பார்க்காமல் வாங்கிக் குடித்தானாம். அதனால் இன்றைக்கும் அங்கே கள் படைக்கிறார்கள், அப்பூப்பன் என்று தாத்தா முறை வைத்துக் கும்பிடுகிறார்கள்.

ஆனால் கண்ணு, தன் மனைவியையும் நண்பனையும் அவ்வளவு நம்பியவன்தான் இன்னொருத்தன் மனைவியை முடியைப் பிடித்து இழுத்து வரச் சொன்னான். இரண்டும் ஒரே ஆள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்கப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ராவணன் சீதையைத் தொடவே இல்லை, அதனால் அவன்தான் உத்தமன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நீயும் ஒருமுறை எனக்கு அனுப்பினாய். விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் தலை சிதறும் என்று அவனுக்குச் சாபம் இருந்தது. கம்பன் கதையில் குடிசையைத் தரையோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். தொடவில்லை என்பதை விருதாகக் கொடுத்தால், அசோகவனத்தில் பத்து மாதம் உட்கார்ந்திருந்தவள் எங்கே போனாள்?

இதோடு, ராவணனையே நாயகனாக வைத்துப் புலவர் குழந்தை எழுதிய இராவண காவியத்தைச் சேர்க்கமாட்டேன். அது 1946இல் வந்தது, 1948இல் அரசு தடை செய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. அவர் கதையை யார் சொன்னார்கள், யாரை அரக்கன் என்றார்கள் என்று கேட்டார். உன் மேக்னீட்டோ விஷயத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது என்று நீ சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன். ஒதுக்கப்பட்டவர்கள் அந்தக் கதையைத் தங்கள் கதையாகப் படிக்கிறார்கள் என்று நீ சொன்னது சரிதான்.

நீ சொன்னதில் என்னை அதிகம் உலுக்கியது ஜோக்கர் விஷயம். 1988இல் பேட்மேன் கதையில் ஜோக்கர் வைத்த குண்டு வெடித்ததும், அதில் சிக்கிய ராபின், அதாவது பேட்மேனுக்குத் துணையாக இருந்த ஜேசன் டாட் என்ற பையன், பிழைக்கலாமா சாகலாமா என்று வாசகர்களையே போனில் ஓட்டுப் போடச் சொன்னார்களே. ஒரு போனுக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. 72 ஓட்டு வித்தியாசத்தில் பையன் போய்ச் சேர்ந்தான். இருபத்தெட்டு வருடம் பையன்களுக்குப் பாடம் நடத்தியவள் நான். ஜேசன் டாட் முரட்டுப் பையன், வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நீ காரணம் சொன்னாய். என் வகுப்பில் வருடத்துக்கு நாலு ஜேசன் டாட் இருந்திருக்கிறார்கள். காகிதத்தில் வரைந்த பிள்ளைதான், தெரியும். இருந்தாலும் அன்றைக்குப் பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, மேக்னீட்டோவுக்கு வருகிறேன். போன முறை நீ வந்திருந்தபோது டேப்லெட்டில் எக்ஸ்-மென் 150ஆம் இதழைக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கியபோது அவனுக்குப் பின்கதையே கிடையாது, வெறும் கெட்டவன்தான் என்று சொன்னாய். 1981இல் கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய அந்த இதழில்தான் அவன் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் வளர்ந்தவன் என்று தெரிகிறது. நீ கதையைச் சொல்லச் சொல்ல நான் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்களோடு ஒரு நீர்மூழ்கிக் கப்பலை மூழ்கடிக்கிறான். பிறகு கோபத்தில் கிட்டி என்ற சின்னப் பெண்ணை அடித்துப் போடுகிறான். செத்துவிட்டாள் என்றே நினைக்கிறான். அவளும் அவனைப் போலவே யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவளைக் கையில் ஏந்திக்கொண்டு உட்காருகிறான், அப்போதுதான் முகாமைப் பற்றி வாயைத் திறக்கிறான். அந்தப் பக்கத்தில் நீ விரலால் பெரிதாக்கி அவன் முகத்தைக் காட்டினாய். நான் அழுதேன். நீயும் கண்ணைத் துடைத்தாய், எனக்குத் தெரியாது என்று நினைத்தாய்.

கண்ணு, அந்தப் பக்கத்தில் அவன் தான் செய்தது சரி என்று சொல்லவில்லை. அவனுக்கு நடந்ததைச் சொல்கிற அதே நேரத்தில், தான் செய்ததையும் பார்க்கிறான். அவனே சொல்லாததை உன் சட்டை ஏன் சொல்ல வேண்டும்? இதைத்தான் அன்றைக்குப் போனில் கேட்க வந்தேன், வேறு மாதிரி வந்துவிட்டது.

இந்த நாலு நாளில் யோசித்துப் பார்த்தேன். இவர்களை யார் அதிகம் நேசித்தார்கள்? காந்தாரியிடம் பதினெட்டு நாளும் துரியோதனன் ஆசி கேட்டான். பெற்ற பிள்ளை. "நீ ஜெயிப்பாய்" என்ற ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை, தர்மம் இருக்கும் இடத்தில் ஜெயம் என்றுதான் சொன்னாள். செத்த பிறகு அவளைப் போல் அழுதவர்களும் இல்லை. மண்டோதரி ராவணன் உடம்பைப் பார்த்து அழுவதை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வேன். ‘சானகியை மனச் சிறையில் கரந்த காதல் உள் இருக்கும் எனக் கருதி, உடல் புகுந்து, தடவியதோ ஒருவன் வாளி’ என்று கேட்கிறாள். எள் வைக்க இடம் இல்லாமல் அம்பு துளைத்த உடம்பு அது. கட்டிக்கொண்டு அழும்போதும் அவன் எதற்காகச் செத்தான் என்பதை அவள் மறைக்கவில்லை.

நீ காலேஜில் லோகி பைத்தியமாக இருந்தாயே, அப்போது அந்தப் பழைய ஐஸ்லாந்துக் கதையையும் எனக்குச் சொன்னாய். காமிக்ஸில் வருகிற தோரின் தம்பி லோகி 1962இல் வந்தவன், இது அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. பால்டர் என்ற தேவனைச் சாக வைத்ததற்காக லோகியைப் பாறையில் கட்டிப்போட்டு, முகத்துக்கு மேலே பாம்பைத் தொங்க விடுகிறார்கள். அவன் மனைவி சிகின் பக்கத்தில் நின்று விஷம் சொட்டச் சொட்டக் கிண்ணத்தில் பிடிக்கிறாள். கிண்ணம் நிறைந்து, அதைக் கொட்டிவிட்டு வரத் திரும்புகிற நேரத்தில் மட்டும் விஷம் முகத்தில் விழுகிறது. அவன் துடிக்கிற துடிப்புதான் பூகம்பமாம். அவன் செய்தது சரியா தப்பா என்று சிகின் ஒரு வார்த்தை பேசவில்லை. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உலகம் முடிகிற வரைக்கும் கை வலிக்குமே என்று நீ சொன்னாய். அப்படிச் சொன்ன பிள்ளைக்கு வில்லனைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

சட்டையைத் தூக்கிப் போடு என்று சொல்லவில்லை. உன் சம்பாத்தியத்தில் ஆசையாக வாங்கியது. போட்டுக்கொள்.

இந்த வருடம் ஊரில் காப்பு கட்டுவது சித்திரையில் என்று மாமா சொன்னார். தாத்தா வேஷத்தை இப்போது கட்டுகிறவர் அவரிடமே பாடம் கேட்டவர், நன்றாக ஆடுவார். லீவு கிடைத்தால் படுகளத்துக்கு வா. மண் உடம்பின் கால் பக்கமாக நின்றால் காந்தாரியின் குரல் நன்றாகக் கேட்கும், நான் சின்ன வயதில் நிற்கிற இடம் அது. பாட்டி குதிர் இப்போது காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒரு பிடி எடுத்து வந்து போடலாம். வரும்போது அந்த 150ஆம் இதழ் புத்தகமாகக் கிடைத்தால் வாங்கி வா. டேப்லெட்டில் எழுத்து பொடியாக இருக்கிறது, எனக்கு அதை முதலிலிருந்து நானே படிக்க வேண்டும்.

மாமா பரணில் தேடி ஸ்பைடர் புத்தகம் இரண்டு எடுத்துக் கொடுத்தார். ஒன்றுக்கு அட்டை இல்லை. துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா